லண்டன் போனவரின் கூகைக்கட்டு

என் அக்கா றோஸின் புருசன் லியோன் மாஸ்ரர் லண்டனில் இருக்கிறார் என்று ஊர்காவற்றுறை முழுக்க நம்பிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அவர் நெடுந்தீவில் என் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காலில் சப்பாத்து, உடம்பில் கறுத்தக் கோட்டு, கையில் பெரிய சூட்கேஸ். உச்சந்தலையிலிருந்து தாடைவரை ஒரு வெள்ளைத்துணியைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தார். கோட்டின் முன்பக்கம் முழுக்கச் சத்தியெடுத்த கறை.

"மரி, ஒருதருக்கும் சொல்லாதையும்" என்றார்.

பிளேன் கடலில் விழுந்து இவர் ஒருவர் மட்டும் நீந்திக் கரையேறிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் அவருக்கு நீந்தத் தெரியாதது ஞாபகம் வந்தது. தீவில் பிறந்து வளர்ந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் குடலைப் புரட்டுகிற மனுசன் எனக்குத் தெரிய எங்கள் அத்தான் ஒருவர்தான்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபத்தின் நியாயம் உங்களுக்கு விளங்காது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம். அத்தான் ஊர்காவற்றுறையில் இங்கிலீசு படிப்பித்தவர். ஹார்வுட் என்று ஒரு இங்கிலீசுக் கவிஞர். நூற்றைம்பது வருசத்துக்கு முன் இளந்தாரியாகவே செத்துப்போனவர். கடலையும் நிலவையும் கிடைக்காத பெண்களையும் பாடினவராம். அந்த மனுசனில் அத்தானுக்கு அப்படி ஒரு பைத்தியம். அவர்கள் வீட்டு விறாந்தையில் திருஇருதயப் படத்துக்கு அடுத்ததாகத் தொங்கினது ஹார்வுட்டின் படம்தான். அந்தக் கவிஞரின் பெயரில் லண்டனில் ஒரு மாநாடு நடக்கப்போகிறது என்று அறிந்து, "ஹார்வுட்டின் கடல்" என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். வந்து வாசியுங்கள், போக்குவரத்துச் செலவு எங்களுடையது என்று பதில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார் என்றால் அது ஒரு கல்யாணவீடுதான். வாசிகசாலைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். சுவாமியார் வந்து தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். வாசிகசாலைச் செயலாளர் தில்லைநாதன் ஆளுயர மாலை போட்டார். அப்புத்துரைப் புலவர் பாடின வாழ்த்துப்பாவை றோசாக் கடதாசியில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். போகிறவர் பிளேனில் போகிறார் என்று தெரிந்தும், ஓசை சரியாக விழவேண்டும் என்பதற்காகப் புலவர் "கப்பலேறும் எங்கள் கோவே" என்று முடித்திருந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா தன் கல்யாணக் கூறையை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருந்து அழுதாள். நானும் அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். திரும்பி வந்ததும் இதே மேடையில் வரவேற்பும் மாநாட்டைப் பற்றிய சொற்பொழிவும் நடக்கும் என்று அன்றைக்கே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.

அப்படி அனுப்பிவைத்த மனுசன்தான் இப்போது என் குசினி வாசலில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கமுடியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"வெளிநாடு போறதுக்குக் கவுண்மேந்துக் கையெழுத்துக் கிடைக்கேல்லை மரி. கொழும்பிலை கடைசி நேரத்திலை மறுத்துப்போட்டாங்கள்" என்றார்.

"அதுக்கேன் இஞ்சை வந்து ஒளிக்கிறியள்? வீட்டை போய்ச் சொல்லுறதுதானே. கவுண்மேந்து மறிச்சால் உங்களுக்கென்ன வெட்கம்? ஊர் முழுக்க உங்களோடை சேர்ந்து அவங்களைத்தான் திட்டும்."

என் மனுசன் இராயப்பு முற்றத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சை நாங்கள் ரெண்டுபேர்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அத்தான் சொன்னார். எல்லாக் கையெழுத்தும் கிடைத்ததாம். பாஸ்போட்டும் ரிக்கற்றும் கோட்டுப் பையில்தான் இருந்தனவாம். கொழும்பில் அவர் தங்கின வீட்டில், மாநாட்டுக்குப் போகிற வேறு சிலரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஹார்வுட்டின் கடற்பாட்டில் நாலு வரி வாசித்துக் காட்டச் சொல்லி அத்தானைக் கேட்டார்கள். இவர் எழும்பி நின்று, வகுப்பில் வாசிக்கிற மாதிரியே கணீரென்று வாசித்தார்.

"ஒருதரும் சிரிக்கேல்லை மரி. சிரிச்சிருந்தால் தாங்கியிருப்பன்."

அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தாளாம். நல்ல அன்பான மனுசியாம். இவர் முடித்ததும் அதே நாலு வரியையும் அவள் தன் வாயால் மெல்லத் திருப்பிச் சொன்னாள், சின்னப்பிள்ளைக்கு வாய் திருத்துகிற மாதிரி. பிறகு இவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

"அந்தப் பாட்டை எத்தினை வருசமாய்த் தீவுப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறன். அவ சொல்லக் கேட்க அது வேறை பாட்டு மாதிரிக் கிடந்தது. நான் கேட்டறியாத பாட்டு." மறுபடி சப்பாத்துக் கயிற்றைத் தடவினார். "அங்கை மண்டபம் நிறைய அப்பிடியான ஆக்கள் இருப்பினம். எனக்கு ஏலாமல் போச்சு."

ஆகவே, கூகைக்கட்டு, வர வழியில்லை என்று மாநாட்டுக்காரருக்குத் தந்தி அடித்துவிட்டார். தாடை இரண்டும் வீங்குகிற தொற்றுவருத்தம் அது. கூகைக்கட்டு வந்த மனுசனை வா என்று ஒருவரும் வற்புறுத்தமாட்டார்கள். பிறகு அந்தப் பொய்யையே தலையில் கட்டிக்கொண்டு மெயில் ரெயினில் ஏறினார். துணியைக் கண்டதும் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. முகத்தை உற்றுப் பார்க்கவும் இல்லை. புங்குடுதீவு வரைக்கும் பஸ், அங்கிருந்து கடலில் மோட்டர் லோஞ்சு, பிறகு சத்தி.

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. "அக்கா அங்கை உங்களுக்காக ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்துறாள். தெரியுமே?" என்றேன்.

"மாநாடு முடியுமட்டும் இருக்கவிடும். பிறகு லண்டனாலை வந்த மாதிரிப் போயிடுவன்."

"போய்ச் சொற்பொழிவு செய்வியள்?"

"ஹார்வுட்டைப் பற்றித்தானே. அது எனக்குத் தெரியும்."

"அப்ப கப்பலேறினது மானம்தான்" என்று இராயப்பு சொல்லிவிட்டு மறுபடி வலை ஊசியைக் கையில் எடுத்தார்.

இப்படியாக அத்தான், மன்னாரில் இருந்து வந்த இராயப்புவின் பெரியம்மா மகன் பிலிப்பு ஆனார். அறைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். படலைச் சத்தம் கேட்டால் அனுங்குவார். வாய் வீங்கினவருக்குக் கதைக்க ஏலாது என்பதால் பேச்சு வழியாகப் பிடிபடுகிற பயமும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் பாரைமீன் குழம்பும் சொதியும் விட்டு நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆள் வந்தால் கஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார். சில நேரம் உள்ளே இருந்து மெல்லிய குரலில் இங்கிலீசு கேட்கும். அந்த நாலு வரியைத்தான் அவர் அந்த அம்மாவின் வாய்போலச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருக்கும். கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

எங்கள் வீட்டுக்கும் அந்தோனியம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு கல்வேலிதான். அவளுடைய மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். கருவாடு போட்டு விற்று, எமிலி என்ற ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் கூகைக்கட்டு என்று கேள்விப்பட்டதும் சேலைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். அவிழ்த்தால் அவளுடைய சங்கிலி. மனுசன் போட்டது. எமிலிக்கென்று வைத்திருந்தது. அந்த வீட்டில் இருந்த பொன் அவ்வளவும்தான்.

கூகைக்கட்டுக்குப் பொன் போடவேண்டும் என்பது எங்களுக்கு எல்லாம் தெரிந்த விசயம். கழுத்தில் பொன் கிடந்தால்தான் வீக்கம் வத்தும். என் வீட்டில் போட ஒரு குண்டுமணிப் பொன்னும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"மரியக்கா, ஆம்பிளையளுக்கு உது கீழை இறங்கினால் பொல்லாத வருத்தம். பொன் போடாமல் வைச்சிருக்கிறியள், என்ன விளையாட்டே?" என்றாள்.

"வேண்டாமடி, தொத்தும். உள்ளுக்குப் போகாதை."

"எனக்குச் சின்னனிலை வந்து மாறினது. ஒருக்கா வந்தால் பிறகு வராது." என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தான் சுவரைப் பார்த்தபடி அனுங்கினார். அவள் ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அவருடைய தலையைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் தளர்த்தி, சங்கிலியைக் கழுத்தில் போட்டுக் கொழுவினாள். "அண்ணை, முழுக்க வத்துமட்டும் இதைக் கழட்டப்படாது. நடுவிலை கழட்டினால் திரும்ப வரும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலாய்த் தாங்கோ" என்று அவரிடம் சொன்னாள். போகும்போது என்னிடம், "பாவம், நல்ல மனுசன் போலை" என்றாள்.

அவள் போனதும் அத்தான் எழும்பி இருந்தார். "மரி, இதைக் கழட்டிவிடும்."

"நாளைக்கும் வந்து பாப்பாள். கிடவுங்கோ அப்பிடியே" என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவர் உள்ளங்கையால் சங்கிலியை மூடிப் பிடித்துக்கொண்டு இருந்தார். அன்றைக்குக் குழம்பு வேண்டாம் என்றுவிட்டார். கஞ்சியைத்தான் குடித்தார், பார்க்க ஒருவரும் இல்லாதபோதும்.

அந்தோனியம்மா ஒவ்வொரு நாளும் வந்தாள். ஒருநாள் செவ்விளநீர். ஒருநாள் பிட்டவித்துப் பாலில் குழைத்துக்கொண்டு வந்தாள், சப்பாமல் விழுங்கலாம் என்று. வாசற்படியில் இருந்து எமிலியின் கதைகளைச் சொல்லுவாள். நோயாளிக்குப் பொழுது போகவேண்டுமாம். எமிலி கல்வேலிக்கு மேலால் எட்டி, "மாமாவுக்கு இன்னும் நோகுதோ?" என்று கேட்பாள். அத்தான் துணிக்குள்ளால் தலையாட்டுவார். ஆமென்றா இல்லையென்றா என்று தெரியாது.

அடுத்த கிழமை தீவுக்குக் கூகைக்கட்டு வந்தது. மெய்யான கூகைக்கட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் தொடங்கி மற்ற வகுப்புக்கும் போனது. யாரிடமிருந்து வந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் தீவு முழுக்க ஒரே கதை: இராயப்பு வீட்டு மன்னாரான் கொண்டுவந்தது. நான் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். இல்லாத வருத்தத்துக்காக என்னை விலக்குகிறார்களே, வாய் திறந்து ஒரு சொல் சொல்ல ஏலாமல் இருக்கிறதே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பிறகு எமிலிக்கு வந்தது. முதலில் ஒரு பக்கம், மறுநாள் மற்றப் பக்கமும். காய்ச்சலும் நல்ல காய்ச்சல். நான் ஓடிப் போனேன். பிள்ளை பாயில் கிடந்து முனகியது. கழுத்தில் தாயின் செபமாலை கிடந்தது.

"சங்கிலியை இப்பவே கொண்டுவாறன், பிள்ளைக்குப் போடு" என்றேன்.

"அந்த அண்ணைக்கு இன்னும் மாறேல்லையே" என்றாள் அந்தோனியம்மா. "ஆம்பிளையளுக்குத்தான் ஆபத்து. இவள் சின்னப்பிள்ளை, தாங்குவாள். நடுவிலை கழட்டி அவருக்கு ஒண்டு நடந்தால் அந்தப் பழி எனக்கு வேண்டாம் அக்கா." அவளுக்கு என்னில் கோபம் இல்லை. அவரிலும் இல்லை. பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். "நாங்கள்தானே உள்ளுக்குப் போய் வந்தனாங்கள். ஆரைக் குறை சொல்லுறது?"

நான் வீட்டுக்கு வந்த வேகத்துக்குப் படலை தானாகத் திறந்திருக்கும்.

"எழும்புங்கோ" என்றேன். "அங்கை பிள்ளை காய்ச்சலிலை கிடந்து அனுங்குது. தாய்க்காரி வெறும் செபமாலையைப் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள். பொன் உங்கட கழுத்திலை கிடக்குது. நீங்கள் ஒரு மனுசனே?"

அக்காவின் புருசனை, ஒரு வாத்தியாரை, நான் அப்படிக் கேட்டேன். துணியோடு எழும்பி, கல்வேலிக் கடப்பைத் தாண்டிப் போனார். நான் பின்னால் போனேன். அந்தோனியம்மாவின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, சங்கிலியைக் கழற்றி நீட்டினார்.

"எனக்கு மாறிட்டுது" என்றார். அந்த வீட்டாரிடம் அவர் பேசின முதல் பேச்சு அது.

"வடிவாய் மாறினதே அண்ணை?" அவள் நம்பவில்லை. எழும்பி வந்து, துணிக்குக் கீழே விரலைவிட்டுத் தாடையின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். வீக்கம் இருந்தால்தானே. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம், முழுக்க வத்திட்டுது. நல்ல ராசியான சங்கிலி இது" என்று சொல்லி, அதைப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். கழற்றின சூடு அதில் இருந்திருக்கும்.

அத்தான் எமிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தில், கருவாட்டுப் பறணுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். என்னால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

"போனவுடனை றோஸிட்டை எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்" என்றார்.

"சொல்லுங்கோ" என்றேன்.

மாநாடு முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு விடியப்புறம் இராயப்பு தன் வள்ளத்தில் அவரைக் கொண்டுபோய்ப் புங்குடுதீவில் விட்டுவிட்டு வந்தார். சூட்கேஸுக்குள் கொஞ்சம் குளிக்கிற வாசனைச் சவர்க்காரமும் வைத்துவிட்டார். இந்தியக் கரையில் இருந்து வள்ளத்தில் வருகிற சவர்க்காரம், மேற்தாளை உரித்தாயிற்று. லண்டன் போனவர் வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன நினைக்கும்?

அவர் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்றும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் கார் பிடித்து வந்தவரைச் சந்தியிலேயே மறித்து, வெடி கொளுத்தி, மாலை போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாளாம். அதற்குப் பிறகு எந்த மனுசனுக்கு வாய் வரும்? வாசிகசாலையில் வரவேற்பு ஞாயிற்றுக்கிழமை என்றும், நாங்கள் இரண்டுபேரும் கட்டாயம் வரவேண்டும் என்றும் அக்கா சொல்லியனுப்பினாள்.

நாங்கள் வள்ளம் தள்ளுகிற நேரம் அந்தோனியம்மா கடற்கரைக்கு ஓடிவந்தாள். எமிலிக்குச் சுகமானால் ஊர்காவற்றுறை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்திருந்தாளாம். ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாள். என்ன சொல்லி மறுக்கிறது? கரையில் இறங்கினதும், "நேரே கோவிலுக்குப் போ. அங்கையே இரு. போகேக்கை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். சரி என்றாள்.

வாசிகசாலை நிரம்பி வழிந்தது. அக்கா அதே கூறையைக் கட்டி முன்வரிசையில் இருந்தாள். பெண்கள் ஆளுக்கொரு சவர்க்காரக் கட்டியை மணந்து பார்த்து, லண்டன் வாசம் எண்டால் லண்டன் வாசம்தான் என்றார்கள். நான் பின்வரிசையில் இராயப்புவோடு ஒதுங்கி இருந்தேன். தில்லைநாதன் எழும்பி, வெள்ளையர் வாய்பிளக்க எங்கள் தீவின் பெயரை நாட்டிவிட்டு வந்தவர் என்று பேசினார். அப்புத்துரைப் புலவர் இன்னொரு வாழ்த்துப்பா வாசித்தார். அத்தான் மாலையோடு மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் நன்றாகப் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லண்டன் கூதலைச் சொன்னார். மண்டபத்தின் உயரத்தைச் சொன்னார். ஹார்வுட்டின் நாலு வரியை வாசித்தார், அந்த அம்மாவின் வாயால். சனம் கைதட்டியது. அங்கேயும் இப்படித்தான் கைதட்டினார்கள் என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையை நிமிர்த்தினபோது நடுவழியால் அந்தோனியம்மா போய்க்கொண்டிருந்தாள். மெழுகுதிரி கொளுத்தி முடித்துவிட்டு, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு முகம் முழுக்கச் சந்தோசம். மேடைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"பிலிப்பண்ணை, வீக்கம் திரும்ப வரேல்லைத்தானே?" என்றாள்.

அத்தானின் பேச்சு அறுந்தது. தில்லைநாதன் எழும்பி வந்தார். "ஆரணை நீ? எந்தப் பிலிப்பு? உவர் லியோன் மாஸ்ரர். லண்டனாலை வந்து நிக்கிறார்."

"இல்லை ஐயா, மன்னாரிலை இருந்து வந்து, கூகைக்கட்டெண்டு நெடுந்தீவிலை எங்கட பக்கத்து வீட்டிலை கிடந்தவர். நான்தான் சங்கிலி போட்டு..."

சனம் சிரித்தது. "நெடுந்தீவாருக்கு லண்டனும் மன்னாரும் ஒண்டுதான்" என்று ஒருவன் சொல்ல, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்தோனியம்மா மேடையைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சனத்துக்குள் என்னைக் கண்டாள். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்கு ஆள் மாறிப்போச்சு ஐயா" என்றாள். "அந்த அண்ணை வேறை ஆள். கண் வடிவாய்த் தெரியிறேல்லை. குழப்பிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். இரண்டு பக்கமும் சிரிப்பு. சவர்க்காரத்தை மணந்துகொண்டிருந்த ஒருத்தி, கருவாட்டு மணம் என்று மூக்கைப் பொத்தினாள். அத்தான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். அவருக்காக அவள் பொய் சொல்லிவிட்டாள். வாசலைத் தாண்டிப் போய்விட்டாளென்றால் அவருடைய பெயருக்கு இனி ஒரு குறையும் வராது. கெதியாய்ப் போய்விடு, போய்விடு என்று நானே மனத்துக்குள் மன்றாடினேன். வெட்கம் கெட்ட மன்றாட்டு.

"அந்தோனியம்மா."

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் கடற்கரைவரை கேட்டிருக்கும். அவள் வாசற்படியில் நின்றாள். திரும்பவில்லை.

"எமிலிக்கு எப்பிடி இருக்கு?" என்றார் அத்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மெல்லத் திரும்பி, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவர் மைக்கைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். தன்னைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லுவாள், பிள்ளையைப் பற்றிக் கேட்டால் ஒரு தாய் என்ன செய்வாள்?

"வத்திட்டுது அண்ணை" என்றாள். "நீங்கள் சங்கிலியைக் கழட்டித் தந்தபிறகு மெல்ல மெல்ல வத்திட்டுது. இப்ப பள்ளிக்கூடம் போறாள்."

"நல்லது" என்றார். மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். "நான் லண்டனுக்குப் போகேல்லை. பயந்து கொழும்போடை திரும்பி வந்தனான். நெடுந்தீவிலை ஒளிச்சிருந்தனான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவ தன்ரை பிள்ளைக்கு வைச்சிருந்த பொன்னை..."

தில்லைநாதன் மைக்கை நிற்பாட்டச் சொல்லிக் கைகாட்டினார். முன்வரிசையில் கூறைச்சேலையோடு இருந்த அக்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்வரிசையில் என்னைத் தேடிப் பிடித்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.